ஒரே பெண், இரண்டு லேப், இரண்டு ரிப்போர்ட்

எங்கள் லேபின் பிசிஆர் பிரிவுக்கு (மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கித் தேடும் இடம்) வரும் போன்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "மேடம், போன மாசம் வேற லேப்ல எச்பிவி பாசிட்டிவ்னு வந்துச்சு. இப்ப உங்ககிட்ட எடுத்தோம், நெகட்டிவ்னு கொடுத்திருக்கீங்க. எது சரி?" எச்பிவி என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். சில சமயம் கேள்வி தலைகீழாகவும் வரும். இரண்டில் ஒரு லேப் காசுக்காக எதையோ எழுதிக் கொடுத்திருக்கிறது என்ற முடிவோடுதான் பேசவே ஆரம்பிப்பார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம் என்று நான் சொன்னால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதற்கு எப்படி இரண்டு பதில் இருக்க முடியும்?

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு கோவையில் ஒரு தனியார் லேபில் பிசிஆர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். சிகிச்சை பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. சாம்பிள் குப்பி எங்கள் மேஜைக்கு வந்ததிலிருந்து ரிப்போர்ட் வெளியே போகும் வரை என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஊர்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாதா?" முடியாது. எச்பிவி ரத்தத்தில் சுற்றுகிற வைரஸ் இல்லை. தோலின், கருப்பை வாயின் மேல் அடுக்குகளிலேயே குடியிருந்து, உதிர்கிற செல்களோடு சேர்ந்து வெளியே வருகிறது. ரத்தத்தில் எதிர்ப்பணுக்களை (ஆன்டிபாடி) தேடலாம்தான். ஆனால் தொற்று வந்த எல்லோருக்கும் அவை உருவாவதில்லை. உருவானாலும் தொற்று இப்போது இருக்கிறதா, எப்போதோ வந்து போனதா என்று அவை சொல்லாது. சரி, பாக்டீரியாவைப் போலத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாமா? அதுவும் நடக்காது. அடி அடுக்கில் நுழைந்து, செல் முதிர்ந்து மேலே வர வர, அதோடு சேர்ந்து முதிர்கிற வைரஸ் இது. அடுக்கடுக்காகத் தோல் போலவே திசுவை வளர்த்தால்தான் அதை வளர்க்க முடியும். அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. நோயாளிக்கு ரிப்போர்ட் கொடுக்கிற இடத்தில் நினைத்தே பார்க்க முடியாது.

ஆக மிச்சம் இருப்பது ஒரே வழி, அதன் மரபணுவைத் தேடுவது. மொத்தமே சுமார் 8000 எழுத்துகள் கொண்ட வட்டமான டிஎன்ஏ. 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிற, 'ஹை ரிஸ்க்' என்று நாங்கள் சொல்லும் வகைகள் ஏறத்தாழ 14. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. 16-ஐ 1983-லும் 18-ஐ அடுத்த வருடமும் கண்டுபிடித்துக் காட்டியது ஜெர்மனியில் இருந்த ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு. அதற்கு முன்பு ஹெர்பிஸ் வைரஸ்தான் குற்றவாளி என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மனிதர் விடாப்பிடியாக எச்பிவியைத் துரத்தினார். 2008-ல் நோபல் கிடைத்தது.

நான் படித்த காலத்தில் எச்பிவி பிசிஆர் என்றால் ஜெல் ஓட்டுவதுதான். எம்ஒய்09, எம்ஒய்11 என்று ஒரு ஜோடி பிரைமர், அதாவது தேடும் துண்டின் இரு முனைகளில் ஒட்டிக்கொள்ளும் குட்டி டிஎன்ஏக்கள். வைரஸின் எல்1 என்ற மரபணுவில் எல்லா வகைக்கும் கிட்டத்தட்டப் பொதுவாக இருக்கும் ஒரு துண்டைப் பிடித்துப் பெருக்கும். சுமார் 450 எழுத்து நீளம். பிசிஆர் முடிந்ததும் அகரோஸ் ஜெல்லில் ஏற்றி, கரன்ட் கொடுத்து, எத்திடியம் புரோமைடில் ஊறவைத்து, புற ஊதா விளக்கின் மேல் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடு ஒளிரும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (வைரஸ் இருப்பது முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கும் சாம்பிள்), புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கி வளர்த்த சிஹா செல்கள். ஒரு கருப்பை வாய்ப் புற்றிலிருந்து வந்த செல் வரிசை அது. ஒரு செல்லுக்கு எச்பிவி 16 ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த இரண்டைப் பிடிக்க முடிந்தால் உங்கள் பிசிஆர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். காஸ்கி என்று இன்னொன்று உண்டு. அதில் ஒரு செல்லுக்கு சுமார் 600 பிரதிகள். அதை வைத்துக்கொண்டு "எங்கள் பிசிஆர் பிரமாதம்" என்று சொல்கிறவர்களை எங்கள் பேராசிரியர் கிண்டல் செய்வார்.

ஜெல்லில் 450-ல் ஒரு கோடு போதாது. அதே சாம்பிளில் 268 என்ற அளவில் இன்னொரு கோடும் தெரிய வேண்டும். அது வைரஸுடையது இல்லை, மனிதருடையது. பீட்டா குளோபின் மரபணு. நம் எல்லோரின் செல்லிலும் இருப்பது. வைரஸ் கோடும் இல்லை, குளோபின் கோடும் இல்லை என்றால் அந்தச் சாம்பிளை நெகட்டிவ் என்று சொல்லக் கூடாது. குழாயில் செல்லே விழவில்லை, அல்லது எதுவோ பிசிஆரைத் தடுத்துவிட்டது. எச்பிவி டெஸ்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வைரஸ் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், தேடிய இடத்தில் ஒரு மனிதர் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு ஜெல் இல்லை. ரியல் டைம் பிசிஆர். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி எவ்வளவு கூடுகிறது என்று மெஷினே பார்த்து வளைவு வரைந்துவிடும். ஆனால் குளோபின் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. பல கிட்களில் ஒரு தனி நிறச் சேனல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பேட்ச்களில் 'இன்வாலிட்' என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை அந்தச் சேனல் படுத்துவிடுவதால் வருபவை.

அப்படிப்பட்ட குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நல்ல சாம்பிள் என்றால் திரவம் லேசாகக் கலங்கியிருக்கும், அசைத்தால் மாவு போல ஏதோ சுழன்று இறங்கும். அவைதான் செல்கள். மோசமான சாம்பிள் புதிதாக வாங்கிய குப்பி மாதிரி தெளிவாக இருக்கும். பிரஷ்ஷைக் கருப்பை வாயில் சுழற்றாமல் சும்மா தொட்டு எடுத்திருப்பார்கள், அல்லது திரவத்தில் சரியாக அலசியிருக்க மாட்டார்கள். விளக்குமாறு வடிவப் பிரஷ்ஷைக் குப்பியின் அடியில் அழுத்தி அழுத்திப் பத்து முறை அலச வேண்டும் என்பது ஒரு கம்பெனியின் விதி. அதில் பிரஷ் தலையை உள்ளே விடக் கூடாது. இன்னொரு கம்பெனி குப்பியில் தலையைக் கழற்றி உள்ளேயே விட வேண்டும். இரண்டும் ஒரே கிளினிக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று ஜெல்லி. பரிசோதனைக் கருவி வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சிஸ்டர்கள் தாராளமாகத் தடவுவார்கள். நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சில ஜெல்லிகளில் இருக்கும் கார்போமர் என்ற பொருள் டெஸ்டைக் கெடுத்துவிடும். ரத்தம் அதிகம் கலந்தாலும் இதே கதை. ஹீமோகுளோபினின் இரும்பு கலந்த பகுதி பிசிஆர் நொதியைத் தடுக்கும். மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான், தீட்டு எதுவும் இல்லை. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி தொட்டு வச்சா போதுமே" என்று நான் போனில் கெஞ்சாத கிளினிக் இல்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்து, இல்லாத வைரஸ் இருப்பதாகக் காட்டுவது. பிசிஆரில் ஒவ்வொரு சுற்றும் இருப்பதை இரட்டிக்கிறது. 30 சுற்றில் ஒரு பிரதி நூறு கோடியைத் தாண்டிவிடும். இப்படிப் பெருகிய குழாயை ஒருவர் ஆர்வத்தில் திறந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துளியில் லட்சக்கணக்கான துண்டுகள் காற்றில் ஏறி அடுத்த நாள் சாம்பிளில் வந்து உட்காரும். அதனால்தான் பிசிஆர் லேபில் தனித்தனி அறைகள். ரீஏஜென்ட் (பிசிஆருக்கு வேண்டிய வேதிப்பொருள்கள்) கலக்கும் அறை, சாம்பிளிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் அறை, மெஷின் இருக்கும் அறை. மெஷின் அறைக்குப் போனவள் அதே கோட்டோடு ரீஏஜென்ட் அறைக்குத் திரும்ப முடியாது. எங்கள் லேபில் மூன்று அறைக்கும் மூன்று செட் கோட், மூன்று செட் பைப்பெட். மேஜையைத் துடைக்க ஹைப்போகுளோரைட், அப்புறம் ஸ்பிரிட். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதல் வாரம் "எதுக்கு அக்கா இவ்வளவு நடை?" என்று சலித்துக்கொள்வார்கள். அந்த நடையில்தான் ரிப்போர்ட்டின் உயிரே இருக்கிறது. கிட் செய்பவர்களும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பல கிட்களில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் 'டி'க்குப் பதிலாக 'யு' போட்டுப் பெருக்குகிறார்கள். அடுத்த ரன் தொடங்கும்போது 'யு' உள்ள பழைய துண்டு எதுவும் புகுந்திருந்தால், ஒரு நொதி அதை வெட்டிப் போட்டுவிடும். நோயாளியிடமிருந்து வந்த உண்மையான வைரஸில் 'யு' கிடையாது, அது தப்பித்துவிடும். இதை யோசித்தவருக்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

இவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிற டெஸ்ட் என்றால் இன்னும் நுணுக்கமாகப் பிடிப்பது இன்னும் நல்லதுதானே? இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், படித்த டாக்டர்கள் உட்பட. எனக்கு வருகிற போன்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

எச்பிவி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிற தொற்று. தாம்பத்திய வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒருமுறை வந்து போயிருக்கும். பெரும்பாலான தொற்றுகளை உடம்பே ஒன்றிரண்டு வருடத்தில் அடக்கிவிடும். கொஞ்சம் பேருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. அவர்களிலும் கொஞ்சம் பேருக்குத்தான் செல் மாற்றங்கள், அதிலும் சிலருக்குத்தான், பல வருடம் கழித்துப் புற்று. டாக்டருக்கு வேண்டியது அந்தத் தங்கிவிட்ட, ஆபத்தான தொற்று. பத்துப் பிரதி வைரஸ் எங்கேயோ ஓரமாக இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னால், அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போகும், கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) வரிசை நீளும், பயன் ஒன்றும் இருக்காது. அரிசி மூட்டையை நகைக்கடைத் தராசில் நிறுக்கிற வேலை அது.

இதைக் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்ட டெஸ்ட்தான் ஹைப்ரிட் கேப்சர் 2. பிசிஆரே இல்லை. வைரஸின் டிஎன்ஏவை இரண்டு இழையாகப் பிரித்து, அதோடு ஒட்டிக்கொள்கிற ஆர்என்ஏ துண்டுகளைச் சேர்ப்பார்கள். ஒட்டினால் ஒரு டிஎன்ஏ, ஒரு ஆர்என்ஏ என்று கலப்பு ஜோடி உருவாகும். அந்த ஜோடியை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பணுக்கள் பூசிய தட்டில் அது சிக்கிக்கொள்ளும்; அப்புறம் ஒளி உமிழும் வேதிவினை. 13 ஹை ரிஸ்க் வகைகளை மொத்தமாகப் பார்க்கும், எந்த வகை என்று தனியாகச் சொல்லாது. இதன் எல்லைக்கோடு ஒரு மில்லிக்கு ஒரு பிகோகிராம் டிஎன்ஏ. பிரதிக் கணக்கில் மில்லிக்குச் சுமார் ஒரு லட்சம். அதற்குக் கீழே இருந்தால் நெகட்டிவ். ஆமாம், வைரஸ் இருந்தாலும் நெகட்டிவ். எங்கே கோடு போட்டால் முற்றிய செல் மாற்றங்கள் தப்பாமல், வீண் பயமும் குறையும் என்று பார்த்து வைத்த கோடு அது.

குறையும் உண்டு. அதன் ஆர்என்ஏ துண்டுகள் சில சமயம் ஆபத்தில்லாத வகைகளோடும் ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டிவிடும். ஆனாலும் பெரிய பெரிய ஆய்வுகள் எல்லாம் அதை வைத்து நடந்ததால், அதுவே அளவுகோலாக நின்றுவிட்டது. 2009-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் புதிய டெஸ்ட்களுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களிடம், முன்புற்று நிலையைப் பிடிக்கும் திறன் ஹைப்ரிட் கேப்சரின் திறனில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நோயில்லாதவரை நெகட்டிவ் என்று சொல்லும் திறன் அதனுடையதில் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கம் கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது பாருங்கள். பிடிப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், வீணாகப் பயமுறுத்துவதில் கூடாது.

இதற்கு நேர் எதிர் முனையில் எஸ்பிஎஃப்10 என்றொரு பிசிஆர் இருக்கிறது. வெறும் 65 எழுத்துத் துண்டைத் தேடும். அவ்வளவு சின்னத் துண்டு என்பதால் ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டியில் பல வருடம் கிடந்து, டிஎன்ஏ பொடிப்பொடியாகிப் போன பயாப்ஸியில்கூட வைரஸைக் கண்டுபிடித்துவிடும். 450 எழுத்து நீளத்தைத் தேடினால் அங்கே ஒன்றும் கிடைக்காது. தடுப்பூசி ஆய்வுகளுக்கு அது அருமையான கருவி. ஆரோக்கியமான பெண்களுக்கு ஸ்கிரீனிங் செய்ய அதைப் பயன்படுத்தினால் ஊரில் பாதிப் பேர் பாசிட்டிவ் ஆகிவிடுவார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. மிகைப்படுத்துகிறேன்தான், ஆனால் விஷயம் புரிந்திருக்கும்.

இப்போது போனில் கேட்டவருக்கு வருகிறேன். ஒரு லேபின் கிட் எல்லைக்கோட்டைத் தாழ்வாக வைத்திருக்கும், இன்னொன்று உயரமாக. உங்கள் சாம்பிளில் வைரஸ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு பதில் வரும். ஒரு கிட் 14 வகை தேடும், ஒன்று நான்கே வகை. காசநோய்க்கும் கோவிட்டுக்கும் எல்லோருக்கும் பழகிய, கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற பிசிஆர் மெஷினில் ஒரு எச்பிவி சிப் 16, 18, 31, 45 என்ற நான்கைப் பார்க்கும். அந்த நான்கும் முக்கியமான வகைகள்தான். ஆனால் உங்களிடம் இருப்பது 52 என்றால் அங்கே நெகட்டிவ், 14 வகை பார்க்கும் கிட்டில் பாசிட்டிவ். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற இன்னொரு மெஷினின் கார்ட்ரிஜ் சுமார் ஒரு மணி நேரத்தில் 14 வகையையும் பார்த்து, 16-ஐத் தனியாகவும் 18, 45 இரண்டையும் சேர்த்து இன்னொன்றாகவும், மீதியைக் குழுக்களாகவும் சொல்லும். சந்தையில் 'எச்பிவி டெஸ்ட்' என்று ஒரே பெயரில் விற்கிறவை ஒரே டெஸ்ட் இல்லை. பேக்கேஜ் விலையைக் கேட்கிறவர்கள் எத்தனை வகை பார்க்கிறீர்கள் என்று கேட்பதே இல்லை.

தேடுகிற இடமும் வேறுபடும். பழைய பிரைமர்களும் இன்றைய சில கிட்களும் எல்1-ஐத் தேடுகின்றன. எல்1 வைரஸின் வெளி ஓட்டுக்கான மரபணு. வைரஸ் நம் குரோமோசோமுக்குள் வெட்டி ஒட்டிக்கொள்ளும்போது, எல்1 சில சமயம் தொலைந்துபோகலாம். புற்றுச் செல்லுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் இ6, இ7 என்ற இரண்டும் போகவே போகாது. செல்லின் காவல்காரர்களான பி53-ஐயும் ஆர்பி-ஐயும் செயலிழக்கச் செய்வது அவைதான். அவை இல்லாமல் புற்று வளராது. 1951-ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை உலகம் முழுக்க வளர்த்துக்கொண்டிருக்கும் ஹீலா செல்களில் எச்பிவி 18-இன் இ6, இ7 இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதனால் இ6, இ7 பகுதியைத் தேடும் கிட்கள் வந்தன. இன்னும் ஒரு படி போய், அவற்றின் டிஎன்ஏவை விட்டுவிட்டு, அவை எழுதும் ஆர்என்ஏவைத் தேடும் அப்டிமா என்ற டெஸ்ட் இருக்கிறது. வைரஸ் சும்மா படுத்திருக்கிறதா, வேலையை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிற டெஸ்ட் அது. டிஎன்ஏ டெஸ்டில் பாசிட்டிவ், ஆர்என்ஏவில் நெகட்டிவ் என்று வந்தால் இரண்டும் பொய் சொல்லவில்லை, கேள்விதான் வேறு.

இது எல்லாம் போக, ஒரு மாத இடைவெளியில் உங்கள் உடம்பே அதை அடக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது முறை பிரஷ் வேறு இடத்தைத் தொட்டிருக்கலாம்.

கோவிட் நமக்குக் கொடுத்த இன்னொரு பழக்கம், சிடி வேல்யூ. "மேடம், சிடி எவ்வளவுன்னு போட்டுக் கொடுங்க, கம்மியா இருந்தா ஆபத்துன்னு சொன்னாங்க." எச்பிவி ரிப்போர்ட்டில் அதை நான் போடுவதில்லை. எத்தனையாவது சுற்றில் சிக்னல் வந்தது என்பதுதான் சிடி. சாம்பிளில் ஆயிரம் செல் விழுந்ததா, லட்சம் செல் விழுந்ததா என்பதைப் பொறுத்து அது மாறும். பிரஷ்ஷை அழுத்திச் சுழற்றியவருக்கும் பட்டும் படாமல் எடுத்தவருக்கும் ஒரே பெண்ணிடமே வேறு வேறு எண் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கூகுள் செய்வதால் ஒரு பயனும் இல்லை. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது எந்த வகை என்ற வரி. 16 அல்லது 18 என்றால் டாக்டர் பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார். 'அதர் ஹை ரிஸ்க்' என்றால் முதலில் பாப் ஸ்மியரை (கருப்பை வாய்ச் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) பார்ப்பார். சில இடங்களில் பி16, கேஐ67 என்ற இரண்டு புரதங்களைக் காட்டும் இரட்டைச் சாயமும் போடுகிறார்கள். ஒரே செல்லில் இரண்டு சாயமும் ஏறியிருந்தால், நிற்க வேண்டிய செல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பாப் ஸ்மியரையே விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வைச் சொல்வேன். இப்போது அந்த ஊர் தாராசிவ். 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 கிராமத்துப் பெண்கள். ஒரு பிரிவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் (ஹைப்ரிட் கேப்சர்தான்), ஒரு பிரிவுக்குப் பாப் ஸ்மியர், ஒரு பிரிவுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆய்வை நடத்திய டாக்டர் சங்கரநாராயணன் குழு 2009-ல் வெளியிட்ட முடிவு: எச்பிவி டெஸ்ட் செய்த பிரிவில் எட்டு வருடத்தில் கருப்பை வாய்ப் புற்று மரணம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. மற்ற பிரிவுகளில் அந்த அளவுக்குத் தெளிவான குறைவு இல்லை. என்னை அசத்தியது வேறொரு வரி. எச்பிவி நெகட்டிவ் என்று வந்த பெண்களுக்குப் பின்னாளில் புற்று வந்த விகிதம், பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்தவர்களுடையதில் நான்கில் ஒரு பங்கு அளவே. நெகட்டிவ் என்ற பதிலுக்கு அவ்வளவு பலம். 30 வயதுக்கு மேல் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை எச்பிவி டெஸ்ட் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்ல முடிந்தது இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான். பாப் ஸ்மியரில் இருக்கும் சிக்கல், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவரின் கண்ணும் களைப்பும் அதில் கலந்துவிடுவது.

அதே சங்கரநாராயணன், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அசிட்டிக் அமில முறையை நர்ஸுகளை வைத்துச் செய்து பார்த்த ஆய்விலும் இருந்தவர். அங்கே மரணம் 35 சதவீதம் குறைந்தது. லேபே இல்லாமல், நல்ல டார்ச் வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் வைத்துக்கொண்டு. லேபில் வேலை செய்கிறவள் இதைச் சொல்லக் கூடாதோ என்னவோ, ஆனால் பிசிஆர் எட்டாத ஊரில் அதை மட்டம் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நம் ஊரில் டெஸ்ட் நடக்காமல் போவதற்கு மெஷின் இல்லாதது ஒரு காரணம், மேஜையில் ஏறிப் படுக்கக் கூச்சப்படுவது அதைவிடப் பெரிய காரணம். அதற்கு வழி வந்துவிட்டது. பெண்ணே தனியாக ஓர் அறைக்குள் போய், பஞ்சுக் குச்சி போன்ற ஸ்வாபைப் பெண்ணுறுப்புக்குள் விட்டுச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். கருப்பை வாய்வரை எட்ட வேண்டியதில்லை. உதிர்ந்த செல்கள் கீழே வந்திருக்கும். பிசிஆர் முறைகளில் இப்படி எடுத்த சாம்பிள் டாக்டர் எடுத்ததற்கு ஏறக்குறைய இணையாகவே வேலை செய்கிறது. ஹைப்ரிட் கேப்சர் மாதிரிப் பெருக்காத முறைகளில்தான் கொஞ்சம் பின்தங்கும். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து தகுதியுள்ள எல்லாப் பெண்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். எங்களிடம் இப்படி வரும் குழாய்களில் 'இன்வாலிட்' அதிகம் இருக்கும் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பெண்கள் சிரத்தையாகவே எடுக்கிறார்கள், சில கிளினிக்குகளைவிடச் சிரத்தையாக.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்த பல பெண்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது: "என் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்கணுமா? அவர்கிட்ட இருந்துதான் வந்துச்சா?" ஆண்களுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட எச்பிவி ஸ்கிரீனிங் டெஸ்ட் எதுவும் இல்லை. எடுத்தாலும் அந்தப் பதிலை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த மெஷினும் சொல்லாது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது தலைகாட்டியிருக்கலாம். இந்த ரிப்போர்ட்டை யார் மீதும் சந்தேகத்துக்குச் சாட்சியாக வைக்க முடியாது என்று மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். ஒரு மாமியார் ஒருமுறை மருமகளின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கவுன்டருக்கே வந்துவிட்டார். "அம்மா, இது நாப்பது வயசுல யாருக்கும் வரலாம், உங்களுக்கும் வந்து போயிருக்கும்" என்று சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சண்டைக்கு வந்தவர், அப்புறம் தனக்கும் எடுக்கலாமா என்று கேட்டார். 62 வயது. இதுவரை ஒரு முறையும் எடுத்ததில்லையாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினோம்.

மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஒரு வருடம் கழித்துத்தான். அடுத்த மாதமே வேறு லேபில் எடுத்து ஒப்பிட வேண்டாம். அதே லேபில், அதே டெஸ்டை எடுங்கள். முந்தைய ரிப்போர்ட்டில் கிட்டின் பெயரும் அது பார்க்கும் வகைகளும் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க மறுக்கிற லேபாக இருந்தால், அடுத்த முறை வேறு இடம் பார்க்க அதுவே போதுமான காரணம்.